பழக்குவதா, பழகுவதா?

தசரா நெருங்கிவிட்டால் மைசூரில் குடியிருக்கும் நம்மவர் வீடுகளில் அடுப்பு அணையாது. சேலத்திலிருந்து சித்தப்பா குடும்பம், கோவையிலிருந்து மைத்துனர் குடும்பம் என்று வந்து இறங்குவார்கள். அரண்மனை விளக்கு, சாமுண்டி மலை, பிருந்தாவனம் என்று அவர்கள் கையோடு கொண்டுவரும் பட்டியலில் குதிரை வண்டிச் சவாரியும் கட்டாயம் இருக்கும். ஊரில் ஜட்கா மறைந்து பல காலம் ஆகிவிட்டதால், இங்குள்ள டாங்காவைக் கண்டதும் பெரியவர்களுக்கே குழந்தைக் குதூகலம் வந்துவிடுகிறது. பெரியவர் ஐவர், சிறுவர் மூவர் என்று எட்டுப் பேர் ஒரே வண்டியில் ஏறிக்கொண்டு, "என்ன பாய், குதிரை தூங்குதா? ரெண்டு போடுங்க!" என்று வண்டிக்காரரை விரட்டுவதை அரண்மனைப் பக்கம் நின்றால் கேட்கலாம். அந்தக் குரல் தமிழில் கேட்கும்போது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கூசுகிறது.

வண்டியில் ஓட்டுநரையும் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் தவிர்த்து நால்வருக்கு மேல் ஏற்றக்கூடாது என்று 1965ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. இடைவெளி விடாமல் 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. வெயில் 37 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊரில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டி வைக்கக்கூடாது. முள் வைத்த கடிவாளம் அறவே கூடாது. இவையெல்லாம் அந்த விதிகளில் இருக்கின்றன. வண்டிக்காரர் மீறினால் குற்றம் அவருடையது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடலாம். ஐந்தாவது ஆளாக ஏறி உட்காருகிறவர் யார் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். போகட்டும், சட்டத்தைப் பற்றி எழுத நான் இங்கு வரவில்லை.

நான் எழுத வந்தது நம் பிள்ளைகளைப் பற்றி. குதிரையைத் தினமும் பார்க்கக்கூடிய ஊர்கள் இந்தியாவில் அதிகமில்லை. மைசூர் அவற்றில் ஒன்று. குதிரைப் படைப் போலீஸ் இங்கே இருக்கிறது. 1891இல் தொடங்கிய குதிரைப் பந்தய மன்றம் சாமுண்டி மலையடிவாரத்தில் இருக்கிறது. டாங்காக்கள் குறைந்துவிட்டாலும் இன்னும் ஓடுகின்றன. சவாரி கற்றுத்தரும் பள்ளிகளும் உண்டு. இவ்வளவு இருந்தும் நம் பிள்ளைகளுக்குக் குதிரை என்றால் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளும் ஒரு பொருள்தான். அதன் காது எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று இறங்கிய பிறகு கேட்டுப் பாருங்கள், ஒரு பிள்ளைக்கும் தெரியாது.

தமிழில் 'பழக்குதல்' என்று ஒரு சொல், 'பழகுதல்' என்று ஒரு சொல். இரண்டும் ஒரே வேர். குதிரையைப் பழக்குகிறோம், யானையைப் பழக்குகிறோம், மனிதரோடு பழகுகிறோம். பயிற்சி செய்வதையும் பழகுதல் என்றே சொல்கிறோம்: வீணை பழகுகிறாள், சிலம்பம் பழகுகிறான். பயிற்சிக்கும் நட்புக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் நாம், குதிரை விஷயத்தில் மட்டும் பழகுவதை விட்டுவிட்டுப் பழக்குவதை வைத்துக்கொண்டோம். இதைத் திருப்பிப் போட வேண்டும் என்பதே என் வாதம்.

சில மாதங்களுக்கு முன் கோடை விடுமுறையில் நம் வட்டாரத்துக் குடும்பங்கள் சில சேர்ந்து பிள்ளைகளைச் சவாரி வகுப்பில் சேர்த்தோம். என் பேத்தியும் ஒருத்தி. எந்தப் பள்ளி என்பது இங்கே வேண்டாம். முதல் நாளே பிள்ளைகளைத் தூக்கிச் சேணத்தில் உட்கார வைத்து, கையில் கடிவாள வாரைக் கொடுத்து, குதிகாலால் உதைக்கச் சொன்னார்கள். குதிரை நகரவில்லை என்றால் கீழே நிற்பவர் சவுக்கைச் சொடுக்குவார். பெற்றோருக்குப் பரம திருப்தி. மூன்றாவது வாரத்தில் இன்னொரு பயிற்சியாளர் வந்தார். அவர் ஒரு பிள்ளையையும் ஏற்றவில்லை. குதிரையின் தோளருகே நிற்கச் சொன்னார். கயிற்றைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னார். பிள்ளை நின்றால் குதிரையும் நிற்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. மூன்றாவது ஞாயிறு பாதிப் பிள்ளைகளைக் காணோம். "சம்பளம் கட்டுவது குதிரையோடு நிற்பதற்கா சார்?" என்று ஒரு தகப்பனார் என்னிடம் கேட்டார். அவர் கேள்விக்கு அன்று வாசலில் நின்று இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சியாளர் செய்தது ஒன்றும் அவருடைய சொந்தக் கற்பனையன்று. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மாட்டுப் பண்ணைகளில் குதிரையோடு வாழ்ந்த டாம் டோரன்ஸ், அவர் வழி வந்த ரே ஹன்ட் ஆகியோர், குதிரையின் திமிரை முறித்து ஏறும் பழைய வழக்கத்தை விட்டு, குதிரையின் இயல்பிலிருந்தே தொடங்கும் ஒரு முறையைக் கற்பித்தார்கள். 1980களில் பேட் பரெல்லி என்பவர் அதை ஏழு விளையாட்டுகளாக வகுத்து உலகெங்கும் பரப்பினார். இயற்கைவழிக் குதிரைப் பயிற்சி என்று அதற்குப் பெயர். விளையாட்டு என்றதும் பந்து, மட்டை என்று நினைக்க வேண்டாம். குதிரைகள் தமக்குள் மேய்ச்சல் நிலத்தில் தள்ளியும், துரத்தியும், நெருங்கியும், விலகியும் பேசிக்கொள்கின்றனவே, அந்தப் பேச்சைத்தான் மனிதன் பேச முயல்கிறான்.

முதல் விளையாட்டு நட்பு. கையாலும் கயிற்றாலும் குதிரையின் உடலெங்கும் மெதுவாக, தாளம் தவறாமல் தொடுவது; கயிற்றை முதுகின் மேல் போட்டுப் போட்டு எடுப்பது. இது என்னை ஒன்றும் செய்யாது என்று குதிரைக்குத் தெளியும் வரை அடுத்த அடி கிடையாது. இரண்டாவது முள்ளம்பன்றி. விரல் நுனியை அதன் தோளில் வைக்க வேண்டும். முதலில் மயிரை மட்டும் தொடும் அளவு, பிறகு தோல், பிறகு தசை, கடைசியில்தான் எலும்பு வரை அழுத்தம். குதிரை ஒரு விரற்கடை நகர்ந்தாலும் அந்தக் கணமே கையை எடுத்துவிட வேண்டும். உடம்பில் ஈ உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்க்கும் பிராணி அது; அதற்குச் சொல்ல உதை எதற்கு? மூன்றாவது, தொடாமலே நகரச் செய்வது. மற்றவை முன்னும் பின்னும் போய்வருவது, வட்டமிடுவது, பக்கவாட்டில் நடப்பது, இடுக்கான வழியில் நுழைவது.

இதில் உயிர்நாடி அழுத்துவதில் இல்லை, விடுவதில் இருக்கிறது. குதிரை கற்றுக்கொள்வது அழுத்தம் நீங்கும் நொடியில்தான். நகர்ந்த பிறகும் அழுத்திக்கொண்டே இருந்தால், நகர்வதால் பயனில்லை என்று அது கற்றுக்கொள்கிறது. பிறகு அதற்கு 'முரட்டுக் குதிரை', 'மரத்த வாய்' என்று நாமே பட்டம் கட்டுகிறோம். சவாரிப் பள்ளிகளில் உள்ள குதிரைகள் பல பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்றவை. இரண்டு வயதில் ஓட வந்து, ஓட்டம் குறைந்ததும் விற்கப்படுபவை. குதிரையின் ஆயுள் 25, 30 ஆண்டுகள். முன்னால் ஓடு என்ற ஒரே பாடத்தோடு வந்த விலங்கு, மீதி ஆயுளெல்லாம் பழக்கமில்லாத பிள்ளைகளின் குதிகால் உதையை வாங்கிக்கொண்டு வட்டம் சுற்றுகிறது. அது ஒரு நாள் நகர மறுத்தால் நான் குதிரையின் பக்கம்தான்.

பயமும் அதன் இயல்புதான். குதிரை வேட்டையாடும் பிராணியல்ல, வேட்டையாடப்படும் பிராணி. கண்கள் தலையின் இருபுறமும் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னாலும் மூக்கின் நேர் முன்னாலும் மட்டும் தெரியாது. நம் பிள்ளைகள் ஆசையோடு ஓடிப்போய்த் தொடும் இடங்கள் இவ்விரண்டும்தான்! கூட்டமாக வாழ்வது. கூட்டம் படுத்து உறங்கும்போது ஒன்றாவது நின்று காவல் பார்க்கும். ஆகவே தனியே ஒரு குதிரையைக் கட்டிவைத்துத் தைரியம் கற்பிப்பது கடினம். தைரியமுள்ள இன்னொன்றின் அருகில் நிறுத்தினால் எளிது.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தசராவுக்கு முன் இங்கே நடக்கும் பீரங்கி ஒத்திகையைப் பாருங்கள். விஜயதசமியன்று 21 குண்டுகள் முழங்கும்போது யானைகளும் குதிரைகளும் மிரளாமல் இருப்பதற்காக, அவற்றை முன்கூட்டியே சத்தத்துக்குப் பழக்குகிறார்கள். குஷால தோப்பு என்று கன்னடத்தில் சொல்வார்கள். யானைகளும் போலீஸ் குதிரைகளும் வரிசையாக நிற்க, பீரங்கி வெடிக்கிறது. பல தசராக்களைக் கண்ட யானை அசையாமல் நிற்கிறது. புதிதாக வந்தது துள்ளுகிறது. பிறகு பக்கத்தில் நிற்பதைப் பார்க்கிறது. இந்த ஒத்திகை ஒரு நாளோடு முடிவதில்லை. விஜயதசமி இரவு பன்னிமண்டப மைதானத்துத் தீப்பந்த அணிவகுப்பில், பாயும் குதிரை மேலிருந்து ஈட்டியால் தரையிலுள்ள முளையைக் குத்தி எடுக்கும் சாகசத்துக்குக் கை தட்டும் நாம், அதற்கு முந்தைய இந்தப் பொறுமையைப் பார்க்கப் போவதே இல்லை.

அந்த ஈட்டி விளையாட்டு போர்க்கலையின் மிச்சம். 1918 செப்டம்பர் 23 அன்று பாலஸ்தீனத்தின் ஹைஃபா நகரை, ஜோத்பூர்ப் படையோடு சேர்ந்து குதிரை மேலிருந்தே தாக்கிக் கைப்பற்றிய மைசூர் லான்சர்ஸ் இந்த அரசின் படைதான். டில்லி தீன் மூர்த்தி சந்திப்பிலுள்ள மூன்று சிலைகளில் ஒன்று அவர்களுக்கானது. 1953இல் இராணுவத்தின் 61ஆவது குதிரைப்படை அமைந்தபோது மைசூர்க் குதிரை வீரர்களும் அதில் இணைந்தார்கள். மைசூருக்குக் குதிரையால் வந்த பெருமை சாதாரணமானதல்ல.

நமக்கு, அதாவது தமிழருக்கு, அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதியிருப்பதைப் படித்தால் சங்கடமாக இருக்கிறது. அரசன் ஆண்டுதோறும் 2000 குதிரைகளுக்கு மேல் கடல் வழியே வாங்குகிறான். ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை. பராமரிக்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. குதிரைக்குச் சோறும் இறைச்சியும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்கிறார். விற்கிற வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் சொல்கிறார். அப்போதுதானே அடுத்த ஆண்டும் விற்க முடியும்? பயணியின் கணக்கில் மிகை இருக்கலாம். ஆனால் சாரம் எனக்கு நம்பத்தக்கதாகவே படுகிறது. பொன்னைக் கொட்டிக் குதிரையை வாங்கினோம், அதோடு பழகத் தெரிந்தவரை வாங்கவில்லை.

அறிவு நம்மிடம் அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது. புகழேந்தியின் நளவெண்பா படித்தவர்களுக்கு நளனைத் தெரியும். நாடிழந்து, உருமாறி, இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக இருந்தபோதும் அவன் யார் என்பதைக் காட்டிக்கொடுத்தது குதிரைகளின் மனம் அறிந்த அவன் கைதான். சிற்பத்திலும் இரண்டு விதக் குதிரைகள் உண்டு. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் போர்க் குதிரைகள். நம் ஊர் எல்லையில் அய்யனார் கோயிலின் மண் குதிரைகள், ஆளில்லாமல் நாலு காலும் ஊன்றி நிற்பவை. புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலத்து அய்யனாரின் குதிரையை அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அதன் மேல் யாரும் ஏறுவதில்லை, மாலை சாற்றுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது குதிரைதான் பிடிக்கும்.

இந்தப் புதிய முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. அது இன்று பெரிய வியாபாரம். தனிக் கயிறு, தனிக் குச்சி, தனிச் சான்றிதழ் என்று ஏகப்பட்ட கடை. வட்டக் கொட்டிலில் குதிரையைச் சுற்றி ஓடவிட்டு, அது களைத்துத் திரும்பி மனிதனிடம் வந்ததும், "பாருங்கள், என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது" என்று கண்ணீர் மல்கச் சொல்பவர்களும் உண்டு. 2012இல் சிட்னி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் ஒரு குறும்பு செய்தார்கள். மனிதனுக்குப் பதிலாக, தொலைவிலிருந்து இயக்கும் ஒரு பொம்மைக் காரைக் கொட்டிலுக்குள் விட்டார்கள். குதிரை விலகினால் கார் துரத்தும். திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். குதிரைகள் காரை நோக்கியும் திரும்பக் கற்றுக்கொண்டன! பொம்மைக் காரைத் தலைவனாக ஏற்றதா என்ன? துரத்தல் நின்றால் போதும் என்பதுதான் அதன் கணக்கு. எனவே கூட்டாளி, தோழன் என்றெல்லாம் பேசுமுன், குதிரை நம்மிடம் வருவது விருப்பத்தாலா, வேறு வழியில்லாததாலா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கயிற்றைத் தளரவிட்டால் விடை கிடைக்கும். போய்விட்டால் போகட்டும், அதுவும் ஒரு பதில்தான்.

நம்மை அது படிக்கும் திறமையைப் பற்றி ஒரு கதை உண்டு, உண்மைக் கதை. ஜெர்மனியில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாக நூறாண்டுக்கு முன் பேர் பெற்றது. கேள்வி கேட்டால் விடையைக் குளம்பால் தட்டும். 1907இல் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்பவர் நுணுகி ஆராய்ந்தபோது உண்மை தெரிந்தது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் முகமும் தம்மையறியாமல் மயிரிழை அசையும். ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தும். விடை தெரியாதவர் கேட்டால் அதற்கும் தெரியாது. ஹான்ஸ் ஏமாற்றுக்காரன் என்று பலர் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கென்னவோ, கணக்குப் போடுவதைவிட இது பெரிய வித்தையாகத் தோன்றுகிறது. உள்ளே கோபத்தை வைத்துக்கொண்டு வெளியே சிரிக்கிற பிள்ளை குதிரையிடம் தப்ப முடியாது. எந்தப் பள்ளிக்கூடத்தில் இந்தப் பாடம் இருக்கிறது? சம்பளம் எதற்கு என்று கேட்ட அந்த நண்பருக்கு என் பதில் இதுவே.

அவருக்கு இன்னொன்றும் சொல்வேன். நம்மில் எத்தனை பேர் 'முப்பது நாளில் கன்னடம்' புத்தகத்தால் கன்னடம் கற்றோம்? புத்தகம் அலமாரியில் இருக்கும். கன்னடம் வந்தது பக்கத்து வீட்டு அஜ்ஜியிடமிருந்து, காய்கறிக்காரரிடமிருந்து. நம் பிள்ளைகளுக்கு நமக்கு முன்பே வந்துவிட்டது; தெருப் பிள்ளைகளோடு கூட்டமாக விளையாடியதால். தப்பாகப் பேசினால் சிரித்தார்கள், திருத்தினார்கள், ஆட்டம் தொடர்ந்தது. குதிரையின் மொழியும் அப்படித்தான் வரும். தனி வகுப்பைவிடக் குழுவாகக் கற்பது நல்லது என்று நான் வற்புறுத்துவதும் அதனால்தான். தன் தவறு தனக்குத் தெரியாது. எதிரில் நிற்கும் பிள்ளை, "அது நகர்ந்திடுச்சு, நீ இன்னும் அழுத்திக்கிட்டே இருக்கே" என்று சொல்லிவிடும். குதிரைக்கும் நடுவில் ஓய்வு கிடைக்கும்.

நம் சங்கத்துக்கு என் யோசனை. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுக்கென்று ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஒதுக்குவோம். முதல் இரண்டு வாரம் குதிரையே வேண்டாம். மண்டபத்திலேயே ஒரு பிள்ளை குதிரையாக, ஒரு பிள்ளை வழிகாட்டியாகக் கயிற்றின் இரு முனையைப் பிடிக்கட்டும். பேசக்கூடாது. கயிற்றின் அசைவால் மட்டும் நாற்காலிகளுக்கிடையே நடத்திச் செல்ல வேண்டும். இடுப்பில் கயிறு கட்டிக் குதிரை ஓட்டம் ஓடிய தலைமுறை நாம். நமக்கே ஆசை வரும். குதிரையாக இருந்த பிள்ளையைக் கேட்க வேண்டும்: எப்போது எரிச்சல் வந்தது, எப்போது புரிந்தது? வெளியூர்களில் பெரிய பயிற்சியாளர்களே இப்படித்தான் தொடங்குகிறார்கள். மூன்றாம் வாரம் சாந்தமான குதிரை ஒன்று, தெரிந்த பயிற்சியாளர் ஒருவர், பிள்ளைக்குத் தலைக்கவசம். தொடுவது, சேர்ந்து நடப்பது, நிற்பது. ஆறு வாரமும் யாரும் ஏறாவிட்டாலும் பாதகமில்லை.

கற்றுத்தர டாங்கா பாய் ஒருவரையும் அழைக்கலாம் என்பேன். சிலர் முகம் சுளிக்கக்கூடும். நான் வழக்கமாகப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஏற்றமான இடத்தில் தாமே இறங்கி நடப்பார். சாட்டை வண்டியில் செருகியே இருக்கும். டீ குடிக்கப் போனால் குதிரையின் கழுத்து அவர் போகும் திசையில் திரும்பும். "எப்படிப் பழக்கினீர்கள்?" என்று கேட்டேன். "இது என்னைப் பழக்கிவிட்டது, விடிகாலை நான்கு மணிக்கு எழுப்புகிறது" என்றார். கொள்ளு விலையும் லாடம் அடிக்கும் கூலியும் ஏறிக்கொண்டே போகிற காலத்தில் அவர் மகன் ஆட்டோ ஓட்டுகிறான். மும்பையில் விக்டோரியா வண்டிகளை உயர்நீதிமன்றம் 2015இல் சட்டவிரோதம் என்று அறிவித்தது. மைசூரிலும் டாங்கா எத்தனை நாளைக்கு என்று தெரியாது. வண்டி நின்றுபோவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்தக் கையிலுள்ள அறிவு பிள்ளைகள் கைக்கு மாறாமல் நின்றுபோவதுதான் மனத்தை உறுத்துகிறது. ஞாயிறு காலை இரண்டு மணி நேரத்துக்கு அவருக்கு நியாயமான ஊதியம் கொடுத்தால், சவாரி இழப்பும் ஈடாகும், குதிரைக்கும் வெயிலில் அலைச்சல் மிச்சம்.

ஒரு வேண்டுகோள். நவராத்திரிப் பொங்கலையும் லட்டையும் குதிரைக்கு ஊட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்று வலியிலேயே உயிர் போகும். கேரட் கொடுக்க ஆசைப்பட்டால் உரியவரிடம் கேட்டு, விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள்.

யோசனை பிடித்தவர்கள் செயற்குழுவிடம் பெயர் கொடுத்து வைக்கலாம். பிடிக்காதவர்கள் மறுத்து எழுதினால் அடுத்த இதழில் படிக்கக் காத்திருக்கிறேன். பிள்ளைகள் முதல் ஞாயிறன்று 12 அடி நீளமுள்ள பருத்திக் கயிறு ஒன்றும் காலை மூடும் காலணியும் கொண்டுவந்தால் போதும்.